கொடிநாள் உண்டியலும் ஊர் வரியும்

செங்கல்பட்டு வட்டாரத்தில் ஒருவர் சாகக் கிடந்தால் வீட்டார் வாயில் பால் ஊற்றுவார்கள், பங்காளிகளுக்குத் தகவல் சொல்வார்கள், வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்து இறங்கும்வரை மூச்சு ஓடட்டும் என்று குலசாமியைக் கும்பிடுவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றை மட்டும் பேசமாட்டார்கள். எடுத்து அடக்கம் பண்ண எவ்வளவு ஆகும், அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது என்ற கணக்கு அது. தெருமுனை டீக்கடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். உயிர் இருக்கும்போதே பாடைக்குப் பணம் சேர்ப்பது எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி என்று ஒரு பயம்.

கிடப்பவர் முன்னாள் படைவீரராக இருந்தால் டீக்கடைப் பேச்சு சீக்கிரமே முடிந்துவிடும். "அவருக்கென்னப்பா, மிலிட்டரிக்காரர். கவர்மெண்டு பாத்துக்கும்."

பார்த்துக்கொள்ளுமா? பலர் விஷயத்தில் ஓரளவு பார்த்துக்கொள்ளும். சிப்பாயாகச் சேர்ந்து 15 ஆண்டு பணி முடித்து வந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் அட்டை உண்டு. கேன்டீனில் மலிவு விலைச் சாமான் உண்டு. 15 ஆண்டு முடிவதற்குள் அப்பா செத்தார், நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று சொந்தக் காரணத்துக்காக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. ஊரார் கண்ணுக்கு இருவரும் பட்டாளத்துக்காரர்கள். இருவர் வீட்டுச் சுவரிலும் சீருடைப் படம் தொங்கும். பெட்டிக்குள் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதைச் சாவு வீட்டில்தான் பெரும்பாலும் முதன்முறையாகத் திறக்கிறார்கள்.

ஓய்வூதியம் இல்லாதவர்களை அரசு அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மத்தியப் படைவீரர் வாரியத்தின் வழியாக, 65 வயதைக் கடந்த, ஹவில்தார் வரையிலான நிலையில் இருந்தவர்களுக்கு வறுமை உதவித்தொகை ஒன்று வருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக்க ஒப்புதல் தந்தார்கள். கடும் நோய்க்கு உதவி, மகள் திருமணத்துக்கு உதவி என்று பட்டியல் நீள்கிறது. அதில் ஈமச்சடங்குக்கும் ஒரு வரி உண்டு. நெடுங்காலம் அந்த வரிக்கு நேரே இருந்த தொகை 5,000 ரூபாய்.

அந்தத் தொகை குறைவு என்று குறைப்படுவது எளிது. தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியம் ஈமச்செலவுக்கு ஒதுக்கியதும் 5,000தான். உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் நெடுங்காலம் 2,500ஆக இருந்தது. ஆக, அரசின் கணக்கில் கல் உடைத்தவருக்கும் துப்பாக்கி பிடித்தவருக்கும் சிதை ஏறத்தாழ ஒரே விலை. இந்தச் சமத்துவத்தில் தவறு ஒன்றுமில்லை. சிக்கல் தொகையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் எடுத்து, டிஸ்சார்ஜ் புத்தக நகல் வைத்து, மனைவியின் பெயர் படைப் பதிவேட்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பதற்கு உறுதிமொழி எழுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுத்து, அது மேலே போய்த் திரும்பி வரவேண்டும். ஐஸ் பெட்டிக்காரர் நாள் வாடகை கேட்பவர். அவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

சாவு வீட்டில் எதற்குக் காசு போகிறது என்று பார்த்தால், இறந்தவருக்காக ஆவது கொஞ்சம்தான். அரசு மருத்துவமனையில் இறந்தால் 155377 என்ற எண்ணில் கூப்பிட்டால் அமரர் ஊர்தி கட்டணமின்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறது. கோடித் துணி, மூங்கில், ஓலை, வெட்டியான் கூலி, விறகு அல்லது வறட்டி என்று கூட்டினால் பெரிதாக வராது. மீதி எல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு: சாமியானா, நாற்காலி, டீ, தண்ணீர் கேன், மேளம், வாணவெடி, பூப் பல்லக்கு, தெருவடைத்துக் கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனர். பிறகு பால் தெளிப்பு, அதன்பிறகு கருமாதி, கருமாதிச் சாப்பாடு. படைவீரர் வீட்டில் இன்னொரு ஆசையும் சேர்ந்துகொள்ளும். பெட்டியின்மேல் தேசியக் கொடி போர்த்தவேண்டும். கொடிச் சட்டம் இதில் கண்டிப்பானது: அரசு மரியாதையோ படை மரியாதையோ நடக்கும் இறுதிச் சடங்கில்தான் போர்த்தலாம், காவி தலைப்பக்கம் இருக்கவேண்டும், கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. வீட்டில் படுத்துச் செத்த பழைய சிப்பாய்க்கு அந்த மரியாதை தானாக வந்துவிடுவதில்லை. பக்கத்து ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனால் குடும்பத்துக்கு அதுவே நிறைவு. அதற்குச் செலவும் இல்லை.

புற்றுநோய் கண்டவர் கதையை எடுத்துக்கொண்டால் பணம் தீர்ந்துபோவது முன்னாலேயே தெரிந்துவிடும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய நிலையம் என்று இந்த மாவட்டத்து நோயாளியின் வழித்தடம் ஏறக்குறைய வரையப்பட்டுவிட்ட ஒன்று. சிகிச்சை இலவசமாகவே இருந்தாலும் பஸ், ஆட்டோ, கூட இருப்பவரின் சாப்பாடு, கூட இருப்பவர் இழந்த கூலி இவை எந்தக் காப்பீட்டிலும் வராது. ஒருநாள் மருத்துவர், "இனி வீட்டிலேயே வெச்சுப் பாத்துக்குங்க" என்பார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து வலிதணிப்புச் சிகிச்சை பார்ப்பது நல்ல ஏற்பாடு. அந்தச் செவிலியர் வாசலைத் தாண்டும்போதே வீட்டுக்காரிக்குத் தெரியும், அடுத்த செலவு எது என்று.

அப்போதுதான் யாராவது ஒருவர் செல்பேசியை எடுக்கிறார்.

தமிழ்நாட்டுக் காவல்துறையில் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்கள் வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு, தங்களில் ஒருவர் இறந்தால் தலைக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று போட்டு லட்சங்களில் குடும்பத்திடம் கொடுப்பது இப்போது நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் செய்தி. படைவீரர்களிடமும் ஒரே யூனிட், ஒரே பயிற்சித் தொகுதி என்று அப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. ஆனால் 1970களில் சேர்ந்தவருக்கு யூனிட் நண்பர்களில் எத்தனை பேர் மிச்சம்? இருப்பவர்களில் எத்தனை பேர் ஸ்மார்ட்போனில் பணம் அனுப்புவார்கள்? ஆகவே பேரனோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனோ பொதுவெளிக்கு வரவேண்டியிருக்கிறது. இணையத்தில் பணம் திரட்டித் தரும் நிறுவனங்கள் இந்தியாவில் 2010ஐ ஒட்டி வந்தவை. அங்கே நடப்பதில் பெரும்பகுதி மருத்துவச் செலவுக்கான வசூல். அங்கே எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது: கதை இருந்தால்தான் காசு. இடப்பக்கம் இருபது வயதில் சீருடையோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், வலப்பக்கம் மூக்கில் குழாயோடு எடுத்த படம். எல்லையில் நின்றார் என்றால் நல்லது. 1971 போரில் இருந்தார் என்றால் மிக நல்லது. ஜபல்பூர்ப் பண்டகசாலையில் கணக்கு எழுதியே காலம் தள்ளிவிட்டு வந்தவர் என்றால் என்ன செய்வது? அவருக்கும் அதே மரணம், அதே ஐஸ் பெட்டி. கதை மட்டும் மெலிந்துவிட்டது. பண்டகசாலைக்காரர் இல்லாமல் எந்தப் படையும் ஒருவேளை சோறு தின்றதில்லை என்பதை நிதி கேட்கும் பக்கத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கருணையை நம்பி நடக்கும் வசூலின் கோளாறு இது. கொடுப்பவர் நெஞ்சு இளகவேண்டும். இளக வைக்கக் கிடப்பவரைக் காட்சிப்பொருளாக்கவேண்டும். விறைத்து நிற்கக் கற்றுக்கொண்ட ஒருவரை, அவர் எழுந்து தடுக்க முடியாத நிலையில், அப்படிக் காட்டுவது நல்ல காரியத்துக்கு என்றாலும் கொஞ்சம் அநியாயமே.

படைவீரருக்காகக் காசு சேர்ப்பது தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் புதிதல்ல. டிசம்பர் வந்தால் பள்ளியில் காகிதக் கொடி கொடுப்பார்கள், சட்டையில் குத்திக்கொண்டு சில்லறை போடவேண்டும். 1949 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங் தலைமையில் கூடிய குழு டிசம்பர் 7ஐக் கொடிநாளாக வைத்தது. இங்கே மாவட்ட ஆட்சியர் முதல் கொடியை வாங்கித் தொடங்கிவைப்பார்; துறைகளுக்கு இலக்கு போகும்; அலுவலகங்கள் சேர்த்துக் கட்டும்; அதிகம் வசூலித்தவர்களுக்குச் சான்றிதழும் கிடைக்கும். இலக்கு வைத்து வசூலிப்பது தானம் ஆகுமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்தக் கட்டுரை அந்தப் பக்கம் இல்லை. கொடிநாளின் நல்ல அம்சமே அதில் எந்தத் தனி மனிதரின் மூக்குக் குழாயும் காட்டப்படுவதில்லை என்பது. பள்ளிப் பிள்ளை போடும் ஐந்து ரூபாய்க்கு எதிரில் இருப்பது முகமில்லாத ஒரு கடன். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்திலும் அது ஆண்டுதோறும் நடக்கிறது. அந்தப் பணம் உண்டியலிலிருந்து கட்டிலுக்கு வரும் பாதைதான் சுற்றுப் பாதை.

இந்தக் கடற்கரைக்கும் படைவீரர் நிதிக்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. கேட்டால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். 1752இல் ராபர்ட் கிளைவ் கோவளம் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடிக்க வந்தார். கூட வந்தவர்கள் அப்போதுதான் லண்டனிலிருந்து வந்திறங்கிய சுமார் 200 வெள்ளைக்காரர்களும் புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்களும். கோவளம் கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு அவர்களில் ஒருவரைக் கொன்றதும் மற்றவர்கள் எடுத்தார்கள் ஓட்டம். இன்னொரு முறை பீரங்கிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய காவலாளி ஒருவர் பிறகு கிணற்றுக்குள் கிடைத்தார். அப்படிப்பட்ட கூட்டத்தை வைத்துக்கொண்டே கிளைவ் இரண்டு கோட்டைகளையும் பிடித்தது வேறு கதை. வங்காளம் போய்ப் பெரும் பணக்காரராகித் திரும்பிய அவருக்கு வங்காள நவாப் மீர் ஜாபர் உயிலில் 5 லட்சம் ரூபாய் விட்டுப்போனார். அதை அவர் தாமே வைத்துக்கொள்ளாமல், 1770இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் எழுதி, ஊனமுற்ற, நலிந்த ஐரோப்பியப் படையினருக்கும் அவர்கள் விதவைகளுக்குமான நிதியாக ஆக்கினார். கிணற்றில் விழுந்தவர் பிழைத்துக் கிழவராகியிருந்தால் அவருக்குக்கூட அதில் பங்கு இருந்திருக்கும். கூட நின்ற 500 சிப்பாய்களுக்கு இல்லை.

அந்த நிதியின் முடிவும் சொல்லத் தக்கது. 1857க்குப் பின் கம்பெனி படையே இல்லாமல் போனபோது, கிளைவின் வாரிசுத் தரப்பு வழக்குப் போட்டது: படை இல்லை, ஆகவே ஒப்பந்தப்படி பணம் குடும்பத்துக்குத் திரும்பவேண்டும். 1863இல் பிரபுக்கள் சபை அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வங்காளத்து நவாபின் பணம், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் நொண்டிச் சிப்பாய்களுக்குச் சோறு போட்டுவிட்டு, ஆங்கிலப் பிரபு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பெரிய மனிதரின் மனம் இளகிப் பிறந்த நிதிக்கு எவ்வளவு ஆயுள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இந்தக் கரையில் கிடைக்காது.

இறந்த வீரரை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த நிலத்தில் தடயங்கள் குவிந்து கிடக்கின்றன. சானூர், குன்னத்தூர், சிறுதாவூர் பக்கம் இரும்புக் காலத்துக் கல்வட்டங்கள். ஒரு மூடுகல்லை நகர்த்தவே ஊர் திரண்டிருக்கவேண்டும். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குள் 17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். எழுத்தும் சின்னமும் நுணுக்கமாகச் செதுக்கிய கற்கள். அங்கே காய்ச்சலில் செத்த சாதாரணச் சிப்பாய்களுக்கு அப்படி யாரும் கல் செதுக்கிக் கொண்டிருக்கவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து இப்போது சென்னைக்குள் போய்விட்ட பரங்கிமலைப் பக்கம், நந்தம்பாக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க் கல்லறை ஒன்று இருக்கிறது. 856 பேர், தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். 1917இல் அமைந்த, அந்தக் கல்லறையைப் பராமரிக்கும் ஆணையம் சமத்துவத்தையே கொள்கையாகச் சொல்லிக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பல்லாயிரம் பேருக்கு அந்தச் சமத்துவம் கிடைக்கவில்லை என்று 2021இல் அதுவே அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது.

பல்லவர் காலம் இந்த விஷயத்தில் தாராளம். மாமல்லபுரத்துக் கற்களைக் குடைந்த அதே அரச வம்சத்தின் ஆட்சியாண்டைச் சொல்லிக்கொண்டுதான் செங்கம் பகுதி நடுகற்கள் நிற்கின்றன. இரா. நாகசாமி 1972இல் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். மாடு மீட்கப் போய்ச் செத்தவர்கள், ஊரைக் காத்துச் செத்தவர்கள், பெரும்பாலும் வேறெங்கும் பெயர் இல்லாத ஆட்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், எசமானர் செத்தபின் கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் உருவம் இருக்கிறது. நாயின் சேவைக் காலம் 15 ஆண்டு ஆனதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கல்லோடும் விட்டுவிடவில்லை, விழுந்தவர் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்த செய்தியைச் சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. இவையெல்லாம் சண்டையில் செத்தவர்களுக்கு. சண்டை முடிந்து வீடு திரும்பி, மாடு மேய்த்து, மூப்படைந்து, திண்ணையில் இருமிச் செத்தவருக்குப் பல்லவரும் கல் நடவில்லை. இன்றைய நிலைமையும் அதுதான். மாவீரர் மறைவுக்கு மாநிலமே வரும். முதுமையில் நோய்ப்பட்டுச் சாகும் படைவீரர் எந்த வரலாற்றுக்கும் இடைஞ்சல்.

இந்தக் கரையின் மீனவர் குப்பங்களில் வேறொரு முறை இருக்கிறது. கொக்கிலமேடு, தேவனேரி, நெம்மேலி, சதுரங்கப்பட்டினம் என்று எந்தக் குப்பத்தை எடுத்தாலும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, அதற்கு வரி உண்டு. கோயில் திருவிழாவுக்கு மட்டுமல்ல, ஊர்ப் பொதுச் செலவு எதற்கும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று விழும். ஊரில் சாவு என்றால் அன்று படகு கடலுக்குப் போவதில்லை. ஒரு நாள் வருமானத்தை ஊரே விட்டுக்கொடுக்கிறது என்று அதற்குப் பொருள், ஆனால் யாரும் அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்வதில்லை. செத்தவர் நல்லவரா, கடைசிக் காலத்தில் குடித்துக் கெட்டவரா, மகனோடு பேச்சுவார்த்தை இல்லாதவரா என்ற விசாரணை கிடையாது. வரிப் பட்டியலில் பெயர் இருந்தது, ஆகவே படகு நிற்கும். கோவளத்தில் ஜமாத்துக்குச் சொந்தமான சந்தூக்கில்தான் பணக்காரரும் போகிறார், ஏழையும் போகிறார்; வெள்ளைக் கபன் துணியில் காசைக் கொட்டிக் காட்ட வழியில்லை. இலங்கைத் தமிழ்க் கிராமங்களில் மரண உதவிச் சங்கம் என்று வைத்துக்கொண்டு மாதச் சந்தா கட்டுகிறார்கள். சாவு விழுந்ததும் சங்கத்துக் கொட்டகையும் நாற்காலியும் கேட்காமலே வாசலில் இறங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர்கள் பிச்சைக்காரர் குழியில் போய் விழக்கூடாது என்று வாரம் சில பென்னி கட்டிச் சேர்ந்த அடக்கச் சங்கங்களும் இந்த வகைதான். யார் முதலில் சாவார் என்று தெரியாது, எல்லாரும் சாவார்கள் என்று தெரியும். அந்த அறிவின்மேல் கட்டிய ஏற்பாடு என்பதால் இதில் வாங்குபவர் தலைகுனிய வேண்டியதில்லை.

ஊர் வரியைத் தூக்கிப் பிடிக்கும்போது அதன் வேலிகளையும் சொல்லவேண்டும். வரி கட்டாதவர், ஒதுக்கி வைக்கப்பட்டவர், ஊர் மாறி வந்தவர் அதற்கு வெளியே. உள்நாட்டுக் கிராமங்களில் வேலி இன்னும் உயரம். ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு, அங்கே போகும் பாதைக்கு ஒரு தகராறு. சென்னை மாகாணப் படையின் சுரங்கப் பொறியாளர் பிரிவுகளிலும் முன்னோடிப் பிரிவுகளிலும் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பிறகு போர்க்குடி என்றும் அல்லாத குடி என்றும் ஆட்களைப் பிரித்த வெள்ளை அதிகாரிகள் தென்னாட்டு ஆள்சேர்ப்பையே சுருக்கினார்கள். பர்மாவிலும் மெசபடோமியாவிலும் பாலம் கட்டிவிட்டு வந்தவரைச் சொந்த ஊரில் வயல் வரப்பில் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது என்றால், அந்த ஊரின் பொது நிதியைப் பற்றிப் பெருமையடிக்க வழியில்லை. இன்றைய படைவீரரில் பலர் எந்த ஊரிலும் இல்லை. மறைமலைநகரிலோ கூடுவாஞ்சேரியிலோ வாடகை வீடு. ஏதோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், ஓஎம்ஆர் கம்பெனி கேட்டில், ஏடிஎம் வாசலில் இரண்டாவது சீருடை. அங்கே அவருக்கு வரி விதிக்கவும் யாருமில்லை, படகை நிறுத்தவும் யாருமில்லை.

தோள் கொடுக்க ஆளில்லாத படைவீரர் என்பது இங்கே மட்டும் உள்ள கதையல்ல. 2013 அக்டோபரில் இங்கிலாந்தின் லிதம் செயின்ட் ஆன்ஸ் ஊரில் ஹெரால்ட் பெர்சிவல் என்ற 99 வயது முதியவர் இறந்துபோனார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானப் பிரிவின் தரைப் பணியாளர். மணமாகாதவர், நெருங்கிய உறவு அதிகம் இல்லை. வர முடிந்த படையினர் வாருங்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் சிறு அறிவிப்பு வந்தது. அது இணையத்தில் பரவி, நவம்பர் 11 காலை 11 மணிக்கு, மழையில், முன்பின் பார்த்திராத நூற்றுக்கணக்கானோர் வந்து நின்றார்கள். அழகான நிகழ்ச்சி. அதிலும் ஒரு தற்செயல் உண்டு: அடக்கம் போர் நினைவு நாளில் விழுந்தது. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை என்றால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. அமெரிக்காவில் இதை நெகிழ்ச்சிக்கு விடவில்லை; முறையாக விடுவிக்கப்பட்ட படைவீரருக்குத் தேசியக் கல்லறையில் இடம், கல், குழி வெட்டும் செலவு எல்லாம் அரசுடையது. அந்தக் கல்லறைகளுக்கான சட்டம் 1862இல், உள்நாட்டுப் போருக்கு நடுவில், லிங்கன் கையெழுத்திட்டது.

இத்தனை பேச்சிலும் ஒருவரை யாரும் கேட்கவில்லை. கட்டிலில் கிடப்பவரை.

சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்பது வீட்டின் கூச்சம். படைவீரருக்கு அந்தக் கூச்சம் இருபது வயதிலேயே போய்விட்டது. சேர்ந்தவுடனேயே வாரிசு யார், பணம் யாருக்கு என்று படிவம் நிரப்பியிருப்பார். 1976 ஜனவரியிலிருந்து தரைப்படையில் குழுக் காப்பீட்டுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. பக்கத்தில் நிற்பவர் செத்தால் அவர் குடும்பத்துக்குப் போகும் பணத்தில் தன் பங்கும் இருக்கிறது என்று தெரிந்தே வேலை பார்த்தவர்கள் இவர்கள். சொல்லப்போனால் ஊர் வரிக்காரர்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, போர்முனையில் இருக்கும் சிப்பாய்க்கு ஒரு சலுகை தருகிறது. அவர் இரண்டு சாட்சிகள் முன்னால் வாயால் சொன்னாலே உயில் செல்லும். தாள் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். குண்டு விழும் இடத்தில் ஒருவர் தன் சாவைப் பற்றித் தெளிவாகப் பேச வல்லவர் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே ஆள் எழுபத்தைந்தாம் வயதில் தன் வீட்டுக் கட்டிலில் கிடக்கும்போது மட்டும், "அதெல்லாம் நீங்க ஏன் நெனைக்கிறீங்க, சரியாயிடும்" என்று பிள்ளைகள் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

கேட்டால் என்ன சொல்வார் என்று ஊகிப்பது கடினமில்லை. பூப் பல்லக்கு வேண்டாம், பேனர் வேண்டாம், வெடி வேண்டவே வேண்டாம், காது ஏற்கெனவே வேண்டியமட்டும் கேட்டாயிற்று என்பார். டிஸ்சார்ஜ் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பார். மனைவியின் பெயரில் உள்ள எழுத்துப் பிழையை இப்போதே திருத்தி எழுதிக் கொடுங்கள் என்பார். அந்த ஒரு திருத்தம் அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போது நடந்தால் வாரக்கணக்கு வேலை, அதன்பிறகு என்றால் ஆண்டுக்கணக்கு. வசூல் செய்கிறார்கள் என்று தெரிந்தால் முதலில் கோபப்படுவார். பிறகு யார் யார் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வார். மொய் நோட்டு வைத்திருக்கும் நாட்டில் அது புதுப் பழக்கமும் அல்ல. கல்யாணத்துக்கு வந்த மொய்யைத் திருப்பிச் செய்வது மாதிரி, இந்தக் கணக்கும் திரும்பச் செய்யவேண்டிய கணக்காக ஒரு வீட்டில் இருந்துகொண்டிருக்கும்.

அரசுக்குச் சொல்லவும் ஒன்று இருக்கிறது. நோய் முற்றிவிட்டது என்று அரசு மருத்துவரே எழுதிக் கொடுத்தபின், ஈமச் செலவுத் தொகையை இறப்புச் சான்றிதழுக்காகக் காத்திருக்காமல் முன்பணமாகத் தர என்ன தடை? சாகாமல் பிழைத்து எழுந்துவிட்டால் அந்தச் சிறு தொகை வீண் என்ற அச்சம் ஒன்றுதான். அப்படி ஒருவர் பிழைத்து எழுந்தால், மாவட்ட ஆட்சியர் அவர் வீட்டுக்கே போய் ஒரு சால்வை போர்த்திவிட்டு வரலாம். செலவு அதற்கும் கீழேதான். முன்னாள் படைவீரர் சங்கங்கள் இருக்கும் இந்த மாவட்டத்தில், கொடிநாள் வசூலில் ஒரு சிறு பகுதியை அந்தந்த வட்டத்திலேயே சுழல்நிதியாக விட்டுவைத்தால், ஐஸ் பெட்டிக்கும் வண்டிக்கும் அன்றைக்கே காசு கிடைக்கும். அரசுத் தொகை வந்ததும் நிதிக்குத் திரும்பிவிடும். இலங்கைக் கிராமத்து மரண உதவிச் சங்கச் செயலாளர் எவரைக் கேட்டாலும் இதை நடத்தும் விதத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பார்.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டு முடித்து 2026 இறுதியிலிருந்து வெளியே வரத் தொடங்குகிறார்கள். நான்கில் ஒருவரை வைத்துக்கொண்டு மூவரை அனுப்பிவிடுவார்கள். கையில் ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாய். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. செய்யூரிலும் திருப்போரூரிலும் மதுராந்தகத்திலும் வந்து இறங்கப்போகும் அந்தப் பையன்களுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்தைந்து. இப்போதைக்கு அவர்கள் பைக் வாங்குவார்கள், கல்யாணம் செய்வார்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பார்கள். தெருவில் அவர்களைக் காட்டி மிலிட்டரிக்காரர் என்றுதான் சொல்வார்கள், கவர்மெண்டு பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்வார்கள். மாவட்ட நல அலுவலகப் பதிவேட்டில் அவர்களுக்கு எந்தப் பக்கத்தை ஒதுக்குவது என்பதை இப்போதே முடிவு செய்துவைக்கலாம். இன்னும் ஐம்பது ஆண்டு அவகாசம் இருக்கிறது என்றாலும்.